கரையில் எழும் இறையுணர்வு: சாம்பல்தீவிலிருந்து ஓர் அறிவியல் பார்வை

இயற்கையின் நடுவே எழும் இறையுணர்வு மனித அனுபவங்களுள் மிகப் பழையது. அதை ஆராயும் அறிவியல் மிக இளையது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சமய அனுபவங்களின் வகைகளைப் பற்றி 1902இல் வெளியிட்ட நூலில், வழிபாட்டிடங்களுக்கு வெளியே, வெட்டவெளியில் இறைவனின் அண்மையை உணர்ந்ததாகச் சொன்னவர்களின் வாக்குமூலங்களையும் சேர்த்துக்கொண்டார். ஜெர்மானிய இறையியலாளர் ருடோல்ஃப் ஒட்டோ 1917இல், புனிதமானதன் முன்னிலையில் நடுக்கமும் ஈர்ப்பும் ஒருங்கே தோன்றுவதுதான் அந்த உணர்வின் அடையாளம் என்று எழுதினார். இருவரும் தந்தது விளக்கம். அந்த உணர்வு யாருக்கு, எந்த நிலையில், எதைக் கண்டு வருகிறது என்று பெருமளவில் கணக்கெடுக்கும் வேலை பின்னால்தான் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் ஒரு கடல் உயிரியலாளர்.

அலிஸ்டர் ஹார்டி 1925 முதல் 1927 வரை ‘டிஸ்கவரி’ என்ற கப்பலில் தென்முனைக் கடலுக்குச் சென்று, திமிங்கிலங்களுக்கு உணவாகும் நுண்ணிய மிதவை உயிர்களை ஆராய்ந்தவர். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த உயிர்களைச் சேகரிக்கும் கருவியை வடிவமைத்தவரும் அவரே. பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியரானார். ஓய்வுபெற்ற பின் 1969இல் சமய அனுபவங்களை ஆராயும் ஒரு நிலையத்தை ஒக்ஸ்போர்டில் நிறுவினார். தம்முடைய அன்றாட ‘நான்’ என்பதற்கு அப்பாற்பட்ட ஒரு சக்தியை, அதைக் கடவுள் என்று அழைத்தாலும் அழைக்காவிட்டாலும், எப்போதாவது உணர்ந்ததுண்டா என்று பொதுமக்களிடம் கேட்டார். கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. கடலில் உயிர்மாதிரிகளைச் சேகரித்த அதே பொறுமையோடு அவற்றை வகைப்படுத்தினார். முதல் 3,000 கடிதங்களின் பகுப்பாய்வு 1979இல் நூலாக வெளிவந்தது.

அந்த அனுபவத்துக்கு முன்னால் இருந்த சூழல் எது என்ற வினாவுக்குக் கிடைத்த விடை நிதானமாக நோக்கத்தக்கது. முதலிடத்தில் இருந்தது மனச்சோர்வும் விரக்தியும். அடுத்தது பிரார்த்தனையும் தியானமும். மூன்றாவது இயற்கையின் அழகு. வழிபாட்டுக் கூட்டங்களில் கலந்துகொள்வது அதற்கும் பின்னால்தான் வந்தது. நொந்துபோன மனம், ஒருமுகப்பட்ட மனம், விரிந்த நிலமும் நீரும் என்ற மூன்றும் பட்டியலின் உச்சியில் அடுத்தடுத்து நிற்கின்றன. எழுதியவர்களில் பெரும்பாலோர் பிரித்தானியர். ஆனால் அந்த மூன்றும் ஓரிடத்தில் கூடுவதைக் காண இலங்கையின் கிழக்குக் கரையைவிடப் பொருத்தமான இடம் தேடினாலும் எளிதில் கிடைக்காது.

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளிக்கு அப்பால் வருவது சாம்பல்தீவு. ஒரு பக்கம் வங்காள விரிகுடா, மறுபக்கம் களப்பு. மணற்பாங்கான நிலம், பனை, தாழை, கரையில் படர்ந்த அடம்பன்கொடி, களப்போரத்தில் கண்டல் மரங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் இந்தக் கரைக் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று திரும்பியதும் மழையோடு பொங்கும். ஆண்டில் பாதி தூங்கியும் பாதி விழித்தும் இருக்கும் கடல் இது. கரையோரத்திலுள்ள சல்லி முத்துமாரியம்மன் கோயிலில் அம்மன் இருப்பது அலையோசை கேட்கும் தூரத்தில்.

தெற்கே, நகரின் கடல்முனையில், சுமார் நூறு மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக எழும் பாறைதான் கோணமலை. அதன் உச்சியில் கோணேசர் கோயில். அருகில் பாறை பிளந்து கடல்வரை இறங்கும் இராவணன் வெட்டு. பாறைக்குத் தெற்கே விரியும் கொட்டியாரக் குடாவில்தான் நாட்டின் மிக நீண்ட ஆறான மகாவலி, 335 கிலோமீட்டர் ஓடிவந்து கடலில் சேர்கிறது. குடாவின் அடியில் தொடங்கும் ஒரு கடற்பள்ளத்தாக்கு சட்டென்று ஆழ்கடலுக்குள் இறங்குகிறது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகத் திருகோணமலை எண்ணப்படுவதற்கும், நீலத்திமிங்கிலங்கள் கரைக்கு இத்தனை அருகே வருவதற்கும் காரணம் இந்த ஆழமே. 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்ற பாய்மரப் படகில் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கடலில் திமிங்கிலங்களைப் பதிவுசெய்தார்கள். பருவம் வாய்த்தால், கோயிலடியில் நின்றபடியே பூமியின் மிகப்பெரிய விலங்கு மூச்சு விடுவதைப் பார்க்க முடிகிறது. உலகில் வேறெத்தனை கோயில்களுக்கு இது வாய்த்திருக்கும்!

சைவ மரபு ஒரு புனித இடத்தை மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற மூன்றாலும் அடையாளம் காண்கிறது. இறையுருவத்தோடு நிலமும் நீரும் சமமாக எண்ணப்படுகின்றன. தலவிருட்சம் என்று ஒரு மரமும் சேர்ந்துகொள்கிறது. கோணேசர் கோயிலுக்குத் தீர்த்தம் பாவநாசம், தலமரம் கல்லாலமரம். ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இத்தலத்தின் மீது ஒரு பதிகம் பாடினார். 1620களில் போர்த்துக்கீசர் கோயிலை இடித்து, அந்த மலையிலேயே கோட்டை கட்டினார்கள். அதன் பிறகு நடந்தது இந்தக் கட்டுரையின் பொருளுக்கு நேரடிச் சான்று. கட்டடம் போயிற்று, வழிபாடு போகவில்லை. வெறும் பாறை விளிம்பில் நின்று பூசகர் பூசை செய்து, பூவையும் பழத்தையும் கீழே கடலில் இட்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேயர் பதிவுகள் காட்டுகின்றன. மூன்று நூற்றாண்டுகளாக மலையும் கடலுமே கோயிலாக இருந்திருக்கின்றன. 1950இல் மண்ணுக்கடியிலிருந்து செப்புத் திருமேனிகள் கிடைத்தன. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் பாறையடிக் கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் சிதைவுகளைக் கண்டார்கள். 1963இல் இன்றைய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது.

இப்படியோர் இடத்தில் நிற்கும் மனிதனின் மனத்துக்குள் என்ன நிகழ்கிறது? 2003இல் உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜொனத்தன் ஹைட்டும் பெருவியப்பு என்ற உணர்ச்சிக்கு ஓர் ஆய்வு வரையறை தந்தார்கள். அதற்கு இரண்டு கூறுகள் வேண்டும் என்றார்கள். ஒன்று, கண்முன் நிற்பது பேரளவினதாக இருக்க வேண்டும். அந்த அளவு உருவத்திலும் இருக்கலாம், காலத்திலும் ஆற்றலிலும் இருக்கலாம். இரண்டு, ஏற்கனவே மனத்திலுள்ள சட்டகங்களுக்குள் அது அடங்காமல், அவற்றை விரித்துக்கொள்ளும்படி மனத்தை நெருக்க வேண்டும். பெரியதாக மட்டும் இருந்தால் போதாது. பழகிய சட்டகத்துள் அடங்கிவிடும் பெரிய பொருள் வியப்பைத் தராது. பெருங்கட்டடங்களின் அருகே தினமும் போய்வருபவருக்கு அவை ஒன்றும் செய்யாமல் இருப்பது இதனால்தான்.

வியப்பு ஆழமாகும்போது உடலும் பேசுகிறது. மெய்சிலிர்ப்பு என்பது ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் உள்ள சிறு தசை சுருங்குவது. பரிவு நரம்புத் தொகுதி இட்ட கட்டளையால், எண்ணத்தின் அனுமதி இல்லாமலே அது நிகழ்கிறது. குளிருக்கும் அச்சத்துக்கும் எதிராக, உரோமம் அடர்ந்த மூதாதை விலங்குகளிடம் உருவான ஓர் ஏற்பாடு, மனிதனில் இசைக்கும் கடலுக்கும் கர்ப்பக்கிருகத் தீபத்துக்கும் பதிலளிக்கிறது. பக்தி இலக்கியம் மெய்சிலிர்ப்பையும் கண்ணீரையும் இறையன்பின் அடையாளங்களாகத் திரும்பத் திரும்பச் சொல்வது நுட்பமான உடற்கவனிப்பு.

பெருவியப்பின் முக்கியமான விளைவு, ‘நான்’ சிறுத்துப்போவது. 2015இல் போல் பிஃப் என்பவரும் உடனாய்வாளர்களும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். அங்கே மிக உயரமான யூகலிப்டஸ் மரங்களின் தோப்பு இருக்கிறது. ஒரு சாராரை ஒரு நிமிடம் அந்த மரங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னார்கள். மற்றவர்களை அதே இடத்தில் வேறு பக்கம் திரும்பி ஒரு கட்டடத்தைப் பார்க்கச் சொன்னார்கள். பிறகு ஆய்வாளர் தற்செயலாக நடந்ததுபோலப் பேனாக்களைக் கீழே தவறவிட்டார். மரங்களைப் பார்த்தவர்கள் கூடுதலான பேனாக்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஒரு நிமிடப் பார்வை இவ்வளவு செய்கிறது என்பது பெரிய செய்தி. தன்னை மறக்கும் மனம் அயலாரை நினைக்கிறது. கோயிலடிகளில் அன்னதானமும் தண்ணீர்ப்பந்தலும் தழைப்பதற்கு மரபும் கட்டளையும் காரணம் என்பது சரிதான், ஆனால் அங்கு வந்து நிற்பவரின் மனநிலையும் அதற்கு உதவுகிறது என்று எண்ண இந்தச் சோதனை இடம் தருகிறது.

வியப்பு இயற்கை தரும் புத்துணர்வின் ஒரு பாதி. மறுபாதி ஓய்வு. ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற தம்பதியர் 1989இல் விரிவாக முன்வைத்த கோட்பாடு இதை விளக்குகிறது. படிப்பு, கணக்கு, வாகனம் ஓட்டுதல் போன்றவற்றுக்கு முயன்று செலுத்தும் கவனம் தேவை. அது பயன்படுத்தப் பயன்படுத்தக் களைத்துப்போகும். அலை, மேகம், இலையசைவு ஆகியவை முயற்சியில்லாமலே கவனத்தை மென்மையாக இழுத்துக்கொள்கின்றன. அந்த வேளையில் களைத்த கவனம் தன்னைத் தேற்றிக்கொள்கிறது. 1984இல் ரொஜர் உல்ரிச் வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது: பென்சில்வேனியாவின் ஒரு வைத்தியசாலையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுள், யன்னல் வழியே மரங்களைப் பார்க்கக்கூடியதாக இருந்தவர்கள், செங்கற்சுவரை மட்டும் பார்த்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலிநிவாரணிகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

ஹார்டியின் பட்டியலில் விரக்தி முதலிடம் பெற்றதற்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. மனச்சோர்வின் மையத்தில் ஒரே எண்ணத்தைத் திரும்பத் திரும்ப அரைக்கும் பழக்கம் இருக்கிறது. 2015இல் கிரெகரி பிராட்மன் குழுவினர் 38 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், ஒரு பகுதியினர் ஸ்டான்போர்ட் அருகே புல்வெளியிலும் மரங்களிடையேயும் 90 நிமிடம் நடந்தார்கள். மறுபகுதியினர் வாகனங்கள் நிறைந்த பெருவீதியோரம் நடந்தார்கள். இயற்கையில் நடந்தவர்களிடம் அந்த அரைக்கும் பழக்கம் குறைந்தது. அதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதியொன்றின் இயக்கமும் தணிந்தது. துயரில் சுற்றிக்கொண்டிருந்த மனம் ஒரு கணம் நிற்கும்போது, அந்த இடைவெளியில் வேறொன்று நுழைய வழி பிறக்கிறது. அதைப் பக்தர் அருள் என்பார்.

நீரின் பங்கு தனியே சொல்லத்தக்கது. இயற்கை ஒலிகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளிவந்த மதிப்பீடொன்று, மன அழுத்தத்தைக் குறைப்பதில் பறவைகளின் குரலும், மனநிறைவைக் கூட்டுவதில் நீரின் ஓசையும் முன்னிற்பதாகக் காட்டியது. தீர்த்தமாடுவதில் உடலியலும் கலந்திருக்கிறது. மூச்சடக்கி முகத்தை நீரில் அமிழ்த்தும்போது முகத்திலுள்ள முக்கிளை நரம்பு வழியே செய்தி மூளைக்குப் போய், அங்கிருந்து வேகஸ் நரம்பு இதயத்துடிப்பை மெதுவாக்குகிறது. குளிர்ந்த நீரில் இது வலுவாகவும், கிழக்குக் கரையின் வெதுவெதுப்பான நீரில் மெல்லியதாகவும் நிகழும். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றின் ஏழு கிணறுகளில் நீர் வேறு திசையில் வேலை செய்கிறது: சூடான நீர் தோலின் குருதிக்குழாய்களை விரித்துத் தசைகளைத் தளர்த்துகிறது. அந்தச் சூடு எரிமலையால் வருவதல்ல. மழைநீர் பாறைவெடிப்புகள் வழியே நிலத்தின் ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடாகி மேலே வருகிறது. இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைகளைச் செய்யத் திருகோணமலை மக்கள் கன்னியாவுக்குப் போகிறார்கள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்ய உண்டாக்கிய கிணறுகள் என்பது ஐதீகம். துயரத்தின் மிகக் கனமான நாளில் ஒருவரை வெந்நீரூற்றுக்கு அனுப்பிய மரபு, துயருற்ற உடலை அறிந்த மரபு.

இத்தனை இருந்தும் ஒரு வினா எஞ்சுகிறது. கடலும் மலையுமே இறையுணர்வைத் தந்துவிடுமென்றால், கரையோரத்தில் வாழும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு நாளும் அதில் திளைக்க வேண்டுமே. அப்படி நடப்பதில்லை. கரைவலை இழுப்பவர் கடலை வேறெவரையும்விட நுணுக்கமாகப் பார்க்கிறார். ஆனால் அவர் தேடுவது காற்றின் போக்கையும் நீரோட்டத்தையும் மீன்படும் நிறமாற்றத்தையும். மற்றவர்களுக்கோ கடல் பின்னணியாகிவிடுகிறது. நரம்பியல் இதைப் பழக்கத் தணிவு என்கிறது. எரிக் கண்டெல் இதன் உட்பொறியைக் கண்டது ஒரு கடலுயிரில்தான். கடல்முயல் என்ற, வெளியே ஓடில்லாத பெரிய கடல்நத்தையை மெல்லத் தொட்டால் அது தன் செவுளை உள்ளிழுத்துக்கொள்ளும். மறுபடி மறுபடி தொட்டால் அந்த எதிர்வினை சோர்ந்துவிடும். உணர்நரம்பு தன் முனையிலிருந்து வெளிவிடும் வேதிச்செய்தியின் அளவு குறைந்துபோவதே காரணம். இத்தகைய ஆய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் இருவருடன் பகிர்ந்துகொண்டார். ஆபத்தில்லாத ஒன்று திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பொருட்படுத்தாமல் விடுவது எல்லா நரம்பு மண்டலங்களுக்கும் இயல்பு. கடலோரவாசியின் கண்ணிலிருந்து கடலை மறைப்பது அந்த இயல்புதான்.

சடங்கின் வேலை இங்கேதான் தொடங்குகிறது. இந்தப் பொருளைப் பற்றிய பேச்சுகளில் மிகவும் குறைவாகச் சொல்லப்படும் செய்தியும் இதுவே. ஆடி அமாவாசையன்று தந்தையை இழந்தவர் விரதமிருந்து கடலுக்குப் போகிறார். கரை அதேதான், நீர் அதேதான். கையில் வலையில்லை, எள்ளும் நீரும் இருக்கின்றன. விடிவதற்கு முன் எழுந்ததும், உண்ணாமல் இருந்ததும், வேறு உடை உடுத்ததும், கூட்டமாய் நடந்து வந்ததும் பழகிய கரையைப் பழகாத கரையாக்கிவிடுகின்றன. பழக்கம் தணித்த உணர்வை, புதிய ஒரு தூண்டல் ஒரே கணத்தில் மீட்டுவிடும் என்பதும் கடல்முயல் ஆய்வுகள் காட்டியதே. சடங்கு இறைவனை எங்கிருந்தோ கொண்டுவருவதாக எண்ணத் தேவையில்லை. பார்க்காமல் விட்டதைப் பார்க்கவைக்கும் ஏற்பாடு அது.

இதற்கு நெருக்கமான சோதனைச் சான்று ஒன்றும் உண்டு. 2020இல் வர்ஜீனியா ஸ்டெர்ம் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 60 வயதைத் தாண்டிய 52 பேர் எட்டு வாரங்களுக்கு வாரந்தோறும் 15 நிமிடம் நடந்தார்கள். ஒரு பிரிவினருக்கு நடக்கும்படி மட்டும் சொல்லப்பட்டது. மறுபிரிவினருக்கு, குழந்தையின் கண்ணோடு பார்த்து வியப்பைத் தேடியபடி நடக்கும்படி சொல்லப்பட்டது. வேறுபாடு அந்த ஒரு அறிவுறுத்தல்தான். வியப்போடு நடந்தவர்களுக்கு அன்றாட மனக்கலக்கம் குறைந்தது. அன்பும் நன்றியும் கூடின. ஒவ்வொரு நடையிலும் அவர்கள் தம்மைத் தாமே எடுத்த படங்களை ஒப்பிட்டபோது, வாரம் செல்லச்செல்லப் படத்தில் அவர்களின் உருவம் எடுத்துக்கொண்ட இடம் சுருங்கி, சுற்றியுள்ள காட்சி பெருத்திருந்தது.

கதிர்காமப் பாதயாத்திரை இதே கருத்தின் மிக நீண்ட வடிவம். யாழ்ப்பாணத்தின் தொண்டைமானாற்றிலுள்ள செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை என்று கிழக்குக் கரையோடு இறங்கி, குமணை, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கும் மேலாகிறது. போர்க்காலத்தில் நீண்ட காலம் தடைப்பட்டிருந்த நடை, இன்று மீண்டும் நடக்கிறது. வெறுங்காலும், கையில் வேலும், வழியில் ஊரார் தரும் சோறும், மர நிழலில் உறக்கமும், கடைசியில் யானையும் கரடியும் உலவும் காடும் அதில் உண்டு. அறுபது வயதைத் தாண்டியவர்கள் பலர் ஆண்டுதோறும் நடக்கிறார்கள். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் தந்த பலனைக் கொண்டு நாற்பது, ஐம்பது நாள் நடையின் பலனைக் கணக்கிட முடியாது. அளவிடுவோர் இன்னும் இந்த வழியில் போதிய அளவு நடக்கவில்லை. அது தமிழ்ப் பல்கலைக்கழகங்களின் உளவியல் துறைகளுக்குக் காத்திருக்கும் வேலை.

இயற்கை எப்போதும் தேற்றுவதில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை இலங்கையில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சாம்பல்தீவும் நிலாவெளியும் உள்ளிட்ட திருகோணமலைக் கரையும் அதில் அடிபட்டது. அதற்கு முன் போரில் இடம்பெயர்ந்து, திரும்பிவந்து, மறுபடி இடம்பெயர்ந்த மக்கள் இவர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அலையோசை ஓய்வைத் தராது. அச்சம் கலந்த பெருவியப்பு ஒரு தனி வகை என்று 2017இல் ஏமி கோர்டன் குழுவினர் காட்டினார்கள். அது கையாலாகாத உணர்வைக் கூட்டுகிறது, மனநிறைவைக் கூட்டுவதில்லை. ஒட்டோ சொன்ன நடுக்கமும் ஈர்ப்பும் இங்கே பிரிந்துபோய், நடுக்கம் மட்டும் தங்கிவிடுகிறது. ஆகவே துயருற்றவரைக் கடற்கரைக்குப் போய் மனம் ஆறும்படி பொதுவாகச் சொல்லிவிடுவது தவறு. கன்னியாவோ களப்போரமோ மரநிழலோ அவருக்குப் பொருந்தக்கூடும். தனியே போகாமல் துணையோடு போவது நல்லது. தூக்கமும் உணவும் கெட்டுவிட்ட நிலையில் மருத்துவ உதவிதான் முதலில் வேண்டும்.

இந்த ஆய்வுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். பல சோதனைகளில் பங்கேற்றோர் தொகை நூறைக்கூடத் தொடவில்லை. பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. ஹார்டிக்கு எழுதியவர்கள் தாமாக விரும்பி எழுதியவர்கள். அனுபவமே இல்லாதவர்கள் பேனா எடுத்திருக்க மாட்டார்கள். பண்பாட்டின் வேறுபாடு பெரியது என்பதற்கு 2015இல் டொட் ஃபெர்கசனும் ஜெஃப்ரி தம்புரெல்லோவும் வெளியிட்ட ஆய்வு நல்ல சான்று. அமெரிக்காவில் இயற்கை வளம் மிகுந்த மாவட்டங்களில் மதநிறுவனங்களைச் சேர்ந்தோரின் விகிதம் குறைந்திருந்தது; மலையும் கடலும் தேவாலயத்துக்குப் போட்டியாகின்றன என்று அவர்கள் விளக்கினார்கள். திருகோணமலையில் அந்தப் போட்டிக்கே இடமில்லை. மலை கோயிலாகவும் கடல் தீர்த்தமாகவும் இருக்கும் ஊரில், இயற்கையை நாடிப் போகிறவரும் இறைவனை நாடிப் போகிறவரும் ஒரே பாதையில்தான் ஏறுகிறார்கள்.

கடவுள் உண்டா என்ற வினாவுக்கு இந்த அறிவியல் விடை சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. கோணமலையைப் பார்க்கும்போது மூளையின் பின்புறத்தில் பார்வைக்குரிய பகுதி இயங்குகிறது. அந்த இயக்கத்தை அளந்தவர் எவரும் மலை மூளைக்குள் மட்டுமே இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்லை. இறையுணர்வின்போது மூளையிலும் இதயத்திலும் நிகழ்வதை அளப்பதும் அப்படித்தான். அந்த உணர்வு நோயோ ஏமாற்றோ அல்ல, நல்ல உடல்நிலையில் உள்ளவர்களுக்கும் இயல்பாக வரக்கூடியது, பெரும்பாலும் நன்மையே செய்வது என்ற அளவுக்கு அறிவியல் துணிந்து சொல்லலாம். அதற்கு மேலே உள்ளது அவரவர் நம்பிக்கைக்கு உரியது.

ஆனால் அந்த உணர்வு எழுவதற்கான நிலம் எல்லோருக்கும் உரியது. அதைக் கெடுப்பது எளிது. நீரோசை தரும் பலனை ஒலிபெருக்கி அழித்துவிடும். நிலாவெளிக்கு எதிரே கடலிலுள்ள புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும், பார்க்க வருவோரின் கால்கள் அங்குள்ள பவளப்பாறைகளை மிதித்து உடைக்கின்றன. தீர்த்தமாடிய இடத்தில் விடப்படும் பொலித்தீன் பைகள் அடுத்த அலையில் கடலாமைகளின் வாய்க்குப் போகின்றன. களப்போரக் கண்டல்களை வெட்டி மண் நிரப்பினால், மீனும் பறவையும் போவதோடு அந்தக் கரையின் அமைதியும் போய்விடும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் செய்த ஆய்வொன்று, வாரத்துக்குக் குறைந்தது 120 நிமிடம் இயற்கைவெளியில் செலவிடுவோரின் உடல்நலமும் மனநலமும் சிறந்திருப்பதாக 2019இல் தெரிவித்தது. சாம்பல்தீவில் வாழ்பவருக்கு அந்த வெளி நடந்துபோகும் தூரத்தில், காசில்லாமல் கிடைக்கிறது. கோயில் நிர்வாகங்களும் உள்ளூராட்சிச் சபைகளும் கரையின் ஒரு பகுதியையாவது கடையும் ஒலிபெருக்கியும் வாகனமும் இல்லாத இடமாக ஒதுக்கித் தர வேண்டும். கடலருகே வாழும் வாசகர்கள் இந்த வாரமே ஒரு விடியற்காலையில், கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு, வீட்டிலுள்ள முதியவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் வாருங்கள்.